பேரிரைச்சலினின்று செவியைக் காத்தல்
(அங்கத்தினர் கல்விப் பகுதி)

பலாப்பழம் வாங்குவோர் கண்ணால் மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. விரலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, அதன் பின்னரே விலை கூறுகின்றனர். முற்றாத காய் கணீரென்று ஒலிக்கும். முற்றிய காய் மந்தமாக ஒலிக்கும். பண்ருட்டி வட்டாரத் தோப்புக்காரர்கள் சிறுவயது முதற்கொண்டே பழகி அறிந்த வித்தை இது. நெசவாளர் நிலையும் இத்தகையதே. நாடா ஓடும் தாளம் சிறிது பிசகினாலும், இழை அறுந்ததைக் கண் காணுமுன் காது அறிவித்துவிடும். ஆகவே, உழுவோருக்குக் கலப்பையும் நெய்வோருக்கு அச்சும் எவ்வாறோ, அவ்வாறே இருசாராருக்கும் காது ஒரு தொழிற்கருவியாகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சு தேய்ந்தால் புதிய அச்சுக் கட்டலாம். கொழு மழுங்கினால் உலைக்களத்தில் காய்ச்சி அடிக்கலாம். பேரிரைச்சலால் காதினுள் அழிந்ததை எந்த வைத்தியரும் திரும்ப உண்டாக்க இயலாது. இழந்தபின் பெற வழியில்லை. இழவாமற் காக்க எளிய வழிகள் பலவுண்டு. இவ்விரு உண்மைகளையும் அங்கத்தினர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. செவி கேட்கும் விதம்

காதுமடல் திரட்டும் ஒலி, துளைவழியே உட்சென்று செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வை அதிரச் செய்கிறது. அதன் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி எனப் பெயர்பெற்ற மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. இவற்றுள் அங்கவடியே மனித உடலின் மிகச் சிறிய எலும்பாகும். இம்மூன்றும் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டு, நீர்மம் நிறைந்த உறுப்பொன்று அமைந்துள்ளது. அதனுள்ளே, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நீர்மம் அசையும்போது இச்செல்களின் நுனிமயிர்கள் சாய்ந்து நிமிர்கின்றன. அச்சாய்வே நரம்பின்வழி மூளைக்குச் செய்தியாகச் சென்று சேர்கிறது.

ஒலியின் உயர்வு தாழ்வுக்கேற்ப நத்தைச்சுருளின் வெவ்வேறு பகுதிகள் மிகுதியாக அதிர்கின்றன என்பதை ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி ஜார்ஜ் வான் பெகெசி ஆராய்ந்து நிறுவினார். அதற்காக 1961ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் சுருளின் வாயிலருகே உணரப்படுகின்றன. தடித்த ஒலிகள் உள்நோக்கிச் செல்கின்றன.

தென்றலில் தலைசாய்த்த நெற்பயிர் உடனே நிமிர்கிறது. அதுபோல, அளவான ஒலியில் அசைந்த மயிர்ச்செல் தீங்கின்றி நிலைபெறும். இரைச்சல் மிகுந்தால் அது துவண்டுபோகிறது. ஓய்வு கிடைத்தால் மீண்டும் தெளிகிறது. திருவிழாக் கூட்டத்தினின்று வீடு திரும்பியோருக்குக் காது அடைத்தாற்போலிருந்து, மறுநாள் காலை தெளிவதற்குக் காரணம் இதுவே. ஆனால் நாள்தோறும் துவளச் செய்தாலோ, ஒரே அடியாகப் பேரொலி தாக்கினாலோ, அச்செல் மாண்டொழிகிறது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் இவ்வட்டாரத்துப் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் வீழ்ந்ததை யாவரும் அறிவர். மரம் வீழ்ந்த குழியில் மறுகன்று நட இடமிருந்தது. மயிர்ச்செல் மாண்ட இடத்தில் மறுசெல் முளைப்பதில்லை. பறவைகளின் காதில் அது மீண்டும் முளைக்கிறது. மனிதருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

2. முதலில் எது போகிறது?

இரைச்சலால் நேரும் செவிட்டுத்தன்மை ஒரு நாளில் முழுதும் வருவதன்று. வினாடிக்கு 4,000 அதிர்வை ஒட்டிய மெல்லிய ஒலிகளே பெரும்பாலும் முதலிற் குறைகின்றன. அக்காலத்தில் மோட்டார் ஓசையும் மாட்டின் கதறலும் முன்போலவே கேட்கும். ஆகையால் 'எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது' என்று அவர் உண்மையாகவே நம்புவார். ஆனால் 'காசு' என்று சொன்னது 'காது' என்று படும். 'பட்டு' எது, 'தட்டு' எது என்பதில் ஐயம் தோன்றும். உயிரொலி கேட்கும், மெய்யொலி மறையும். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும், பலர் கூடிப் பேசுமிடத்துப் பேச்சும் முதலில் தெளிவிழக்கும்.

இந்நிலையை வீட்டார் பலவாறு பிழைபட உணர்கின்றனர். 'சொன்னதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை' என்று மனைவி வருந்துகிறாள். 'தாத்தா கோபக்காரர்' என்று பேரன் ஒதுங்குகிறான். பொதுக்கூட்டத்திற்கு வருவோர் பேச்சு விளங்காமையால் பின்வரிசையில் அமர்ந்து, நாளடைவில் வருவதையே நிறுத்திவிடுகின்றனர். சாலையில் பின்வரும் வண்டியின் ஓசை எட்டாமல் விபத்து நேர்வதும் உண்டு. காதின் குறை உடலின் ஓர் உறுப்போடு நில்லாது, மனிதரைச் சுற்றத்தினின்றும் பிரித்துவிடுகிறது.

எச்சரிக்கைக் குறிகள் நான்கு. வேலை முடிந்தபின் காதில் 'கொய்' என்ற இரைச்சல் நிலைத்திருத்தல், காது அடைத்தாற்போலிருத்தல், பிறர் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்தல், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் ஓசையை வீட்டார் முகஞ்சுளிக்குமளவு உயர்த்துதல். இவற்றுள் ஒன்று தோன்றினும் அதனை அற்பமென்று தள்ளலாகாது.

3. ஒலியை அளக்கும் முறை

ஒலியின் வலிமையை டெசிபெல் என்னும் அலகால் அளக்கின்றனர். இவ்வலகு நிறைக்கல் போன்றதன்று. 50 கிலோவுடன் 50 கிலோ சேர்ந்தால் 100 கிலோ ஆகும். ஆனால் 85 டெசிபெல் எழுப்பும் தறியருகே அதேபோன்ற மற்றொரு தறி ஓடினால் 88 டெசிபெல்லே ஆகும். அவ்வாறாயின் 3 டெசிபெல் சிறு தொகை என்று எண்ணுதல் தவறு. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்கு. 10 கூடினால் பதின்மடங்கு. பத்துத் தறிகள் ஒருங்கே ஓடினால் 95 டெசிபெல் என்று கணக்கிடலாம்.

சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். 85 டெசிபெல்லில் நாளொன்றுக்கு 8 மணி நேரமே எல்லை என அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அஃதாவது, 88க்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு 1 மணி. 97க்கு 30 நிமிடம். 100க்கு 15 நிமிடம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 90 டெசிபெல், 8 மணி என்ற எல்லை நெடுங்காலம் வழங்கிவந்துள்ளது. காதைக் காக்க விழைவோர் 85 என்ற எல்லையைக் கொள்வதே நலம்.

அளக்கும் கருவி இல்லையே என்று கவலற்க. ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமற் பேச இயலவில்லையெனின், அவ்விடத்து இரைச்சல் காதுக்குத் தீங்கு செய்யும் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். இச்சோதனைக்குக் காசு செலவில்லை.

4. பிற நாட்டார் கற்ற பாடம்

இத்துன்பம் புதியதன்று. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமசினி, 1713இல் வெளிவந்த தொழில்நோய் நூற்பதிப்பில், வெனிஸ் நகரத்துச் செம்புக்கன்னார் நாள் முழுதும் பாத்திரம் தட்டிக் காது மந்தமடைந்து, முதுமையில் முற்றும் செவிடாவதை எழுதினார். 1886இல் கிளாஸ்கோ நகர வைத்தியர் தாமஸ் பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். அவர்களுள் ஒருவருக்கேனும் காது முறையாகக் கேட்கவில்லை.

நெசவாளருக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. ஸ்காட்லாந்து நாட்டு டண்டி நகரம் வங்காளத்துச் சணலை இறக்குமதி செய்து நெய்து புகழ்பெற்றது. அந்நகரத்து ஆலைகளில் தறிகளின் இரைச்சல் ஏறத்தாழ 100 டெசிபெல். அங்கு நெடுங்காலம் உழைத்த நெசவுப் பெண்டிரின் காதுகளைச் சோதித்த ஆராய்ச்சி 1965இல் வெளிவந்தது. மெல்லிய ஒலிகளைக் கேட்கும் ஆற்றல் முதற் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே பெரிதும் அழிந்துவிடுகிறது என்றும், பின்னர்ப் பேச்சுக்கு இன்றியமையாத ஒலிகளுக்கும் அக்கேடு பரவுகிறது என்றும் அது காட்டிற்று. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் தறி இரைச்சலில் குரல் எட்டாமையால் உதடசைவைக் கொண்டே உரையாடப் பழகியிருந்தனர். அதைக் கேட்போர் வியப்பர். அதன் காரணத்தை அறிவோர் வருந்துவர்.

இதனால் நாம் அறிவது யாது? கேடு முதிய வயதில் தெரிகிறது. ஆனால் இளமையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. எனவே, தறிக்கூடத்தில் புதிதாகக் காலெடுத்துவைக்கும் இளைஞருக்கே காப்பு முதலில் வேண்டும்.

5. அன்றாட இரைச்சல்

குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஓடும் கைத்தறியின் ஓசையில் தறிக்காரர் வீட்டாரோடு பேசியவாறே நெய்ய முடிகிறது. ஆனால் ஒரே கூடத்தில் பல விசைத்தறிகள் ஓடுமிடத்து இரைச்சல் பெரும்பாலும் 95 டெசிபெல்லைத் தாண்டும். மேற்கண்ட கணக்கின்படி அங்கு ஒரு மணி நேரமும் வெறுங்காதோடு நிற்கலாகாது. ஆனால் உழைப்பதோ எட்டு மணி, பத்து மணி. கைத்தறியை விட்டு விசைத்தறிக் கூடத்திற்கு வேலைக்குச் செல்லும் அங்கத்தினர்களும் அவர்தம் மக்களும் இதனைச் சிறப்பாகக் கருதவேண்டும்.

விளைவிப்போர் பக்கம் நோக்குவோம். மேற்கூடு இல்லாத டிராக்டரை ஓட்டுபவர் காதில் 90 டெசிபெல் அளவு இரைச்சல் விழுகிறது. முதுகில் சுமந்து மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பான் காதுக்கு மிக அருகே இயங்குவதால் அதனினும் மிகுதி. மரம் அறுக்கும் விசைவாள் 105 டெசிபெல்லுக்கு மேலும் எழுப்பவல்லது. 106 டெசிபெலுக்குரிய எல்லை நான்கு நிமிடத்திற்கும் குறைவு. தோப்பில் பட்டமரம் அறுப்போர் காலை முதல் மாலை வரை அதனை ஏந்தி நிற்கின்றனர். எண்ணெய் எஞ்சின், களையறுக்கும் கருவி, முந்திரி ஆலை எந்திரங்கள் ஆகியவற்றையும் இவ்வரிசையிற் சேர்க்க.

சாலை இரைச்சலும் உண்டு. பண்ருட்டி வழியே செல்லும் சென்னை–கும்பகோணம் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கடை வைத்திருப்போர் நாள் முழுதும் ஊதொலியைச் சகிக்கின்றனர். பலகுரலில் அலறும் ஊதுகுழலை வண்டியிற் பொருத்துதல் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளால் தடுக்கப்பட்டதாகும். இளைஞர் கைப்பேசியிற் செருகிக் காதில் வைக்கும் கேட்பொறியும் தீங்கற்றதன்று. அதன் ஒலியளவு நூற்றுக்கு 60 என்ற எல்லையைத் தாண்டாதிருப்பது நன்று. தறி இரைச்சலை மறைப்பதற்காகப் பாட்டை உயர்த்திக் கேட்டல் ஒரு தீமைமேல் மற்றொரு தீமையை அடுக்குவதாகும்.

6. பருவகால இரைச்சல்

தமிழ் ஆண்டில் ஓசைக்குரிய பருவங்கள் பல. ஆடியில் அம்மன் கோயில் விழாவும் கூழ்வார்த்தலும்; ஐப்பசியில் தீபாவளி; மார்கழி விடியலில் ஒலிபெருக்கி; மாசி மகத்தில் தேவனாம்பட்டினக் கடற்கரைத் தீர்த்தவாரி; இடையே திருமணங்கள், தேர்தல் பிரசாரங்கள். இவ்விழாக்களின் மகிழ்ச்சியை எவரும் குறை கூறவில்லை. கூம்பு ஒலிபெருக்கியின் வாயருகே குழந்தையை நிறுத்துவதும், காதருகே வெடி வெடிப்பதும் விழாவின் அங்கங்கள் அல்ல என்பதே இங்குக் கூறுவது.

வெடியின் தீங்கு தறியின் தீங்கினின்று வேறானது. தறி ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. வெடி ஒரு நொடியில் முறிக்கிறது. செவிப்பறை கிழிவதும், மயிர்ச்செல்கள் ஒருங்கே மாள்வதும் நேரலாம். வெடிக்குமிடத்தினின்று 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல்லுக்கு மிகுந்த ஓசை எழுப்பும் வெடிகளைச் செய்தலும் விற்றலும் 1999ஆம் ஆண்டு அறிவிப்பால் தடைசெய்யப்பட்டன. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். பாதியானால் 6 கூடும். எனவே, சட்டம் அனுமதித்த வெடியேயாயினும், 2 மீட்டரில் ஏறத்தாழ 131 டெசிபெல். 1 மீட்டரில் 137. எட்டி நின்றால் 8 மீட்டரில் 119. 16 மீட்டரில் 113. பற்றவைத்தபின் இருபதடி ஓடினால் என்ன பயன் என்று கேட்போருக்கு விடை இக்கணக்கிலேயே உள்ளது. ஒடுங்கிய சந்திலும் சுவரருகிலும் ஒலி எதிரொலித்துத் திரும்புவதால், அங்கு இக்குறைவும் முழுதாகக் கிட்டாது.

7. காப்பு முறைகள்

தோட்டத்திற்கு வேலி கட்டுவோர் ஒரு பக்கம் மட்டும் கட்டி நிறுத்துவதில்லை. செவிக்கும் நாற்புறமும் வேலி வேண்டும்.

முதலாவது, ஓசையைப் பிறக்குமிடத்திலேயே அடக்குதல். தேய்ந்த பிக்கரையும் தளர்ந்த திருகாணிகளையும் உடனுக்குடன் மாற்றுக. உராயும் இடங்களுக்கு எண்ணெய் இடுக. தறிக்காலின் அடியில் தடித்த ரப்பர் வைக்க. எஞ்சினின் சைலன்சர் ஓட்டையானால் மாற்றுக. பராமரிப்பில்லாத எந்திரமே அதிகம் கூவுகிறது. அதுவே எரிபொருளையும் உதிரிப்பாகத்தையும் அதிகம் விழுங்குகிறது.

இரண்டாவது, தூரம். எண்ணெய் எஞ்சினை வீட்டுத் திண்ணையருகே வையாது எட்டி வைத்து, இடையே சுவரெழுப்புக. தார் சுற்றுவோரையும் பாவு பிணைப்போரையும் விசைத்தறிக் கூடத்தினுள் இருத்தாது தனியறையில் அமர்த்துக. கூடத்தில் தொட்டில் கட்டுதல் அறவே கூடாது. விழாவில் ஒலிபெருக்கியின் முகத்துக்கு நேரே நில்லாது விலகி நிற்க.

மூன்றாவது, நேரம். இரைச்சலான வேலையை ஒருவரே நாள் முழுதும் செய்யாமல், முறைமாற்றிச் செய்க. விசைவாள் வேலைக்கு இருவர் மாறி மாறி நின்றால் ஒவ்வொருவர் காதிலும் விழும் இரைச்சல் பாதியாகும். உணவு இடைவேளையைக் கூடத்துக்கு வெளியே கழிக்க. முதல்நாள் இரைச்சலில் உழைத்த காதுக்கு அன்றிரவேனும் அமைதி தருக.

நான்காவது, காதுக்குக் கவசம். பலர் பஞ்சைத் திணித்துக்கொண்டு காப்புச் செய்ததாக எண்ணுகின்றனர். வெறும் பஞ்சு தடுக்கும் ஒலி மிகச் சொற்பமே. நுரைரப்பரால் செய்த காதடைப்பான் இரண்டொரு தேநீர்ச் செலவில் கிடைக்கிறது. அதனைச் சுத்தமான விரல்களால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதுமடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். முறையாக அணிந்தால் 15 முதல் 25 டெசிபெல் வரை குறையும். அரைகுறையாகச் செருகினால் பயன் போய்விடும். அழுக்கேறியதை மீண்டும் அணியலாகாது. விசைவாளுக்கும் விசைத்தெளிப்பானுக்கும் காதை முழுதும் மூடும் கிண்ணக் கவசம் ஏற்றது.

'கவசம் அணிந்தால் இழை அறும் ஓசை கேளாதே' என்பர் சிலர். நியாயமான வினா. கவசம் எல்லா ஒலியையும் குறைக்கிறதேயன்றி முற்றும் அடைப்பதில்லை; தறியின் தாளமாற்றம் சில நாட்பழக்கத்தில் புலப்படும். கவசமின்றிப் பத்தாண்டு உழைத்தாலோ, அவ்வோசை கவசமில்லாமலே கேளாது போய்விடும்.

8. சட்டம் தரும் துணை

அண்டைவீட்டாரின் இரைச்சலுக்குத் தன் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வாழவேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது எல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை மாநில அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம்.

அதே 2000ஆம் ஆண்டில், சென்னைக் குடியிருப்பு ஒன்றினின்று எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியாலும் முரசாலும் வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அளித்த விரிவான தீர்ப்பில் இரவுத் தடையை வலியுறுத்தியது. அவ்வழக்குத் தோன்றிய காரணம் நெஞ்சை உருக்குவது. வன்கொடுமைக்கு ஆளான பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உதவி வேண்டி எழுப்பிய கூக்குரல், பக்கத்திலிருந்த ஒலிபெருக்கியின் இரைச்சலில் அமிழ்ந்து, ஒருவருக்கும் எட்டாமற் போயிற்று. இரைச்சல் காதை மட்டும் கெடுப்பதன்று. அபயக் குரலையும் மறைக்கவல்லது.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பால் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரமே அனுமதிக்கப்பட்டது, சரவெடி தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டு வழக்கப்படி விடியலிலும் கொண்டாட இடமளித்து, காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என அவ்வாண்டு நேரம் வகுக்கப்பட்டது.

9. கேடு நேர்ந்தால் செய்யத்தக்கது

வெடிச்சத்தத்திற்குப் பின் காது திடீரென அடைத்துக் கேளாது போனாலோ, குருதி வடிந்தாலோ, காதிரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, தாமதியாது செவி–மூக்கு–தொண்டை வைத்தியரைக் காண்க. திடீர்ச் செவிட்டுக்கு முதற் சில நாட்களிற் செய்யும் சிகிச்சையே பலன் தரவல்லது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் இவ்வட்டாரத்தார் நாடத்தக்கவை.

காய்ச்சிய எண்ணெய் விடுதல், கோழியிறகாலும் தீக்குச்சியாலும் குடைதல் ஆகிய பழக்கங்களை விட்டொழிக்க. கிழிந்த செவிப்பறைக்கு எண்ணெய் பெருந்தீங்கு. ஏற்கெனவே குறை நிலைத்துவிட்டவர்கள் கேட்கும் கருவி அணிவதில் வெட்கம் கொள்ளலாகாது. கண்ணாடி அணிவதற்கு நாணாத நாம் இதற்கு மட்டும் நாணுவது ஏன்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரு காதிலும் 60 டெசிபெல்லும் அதற்கு மேலும் குறையுடையோர் சலுகைக்கு உரியவராவர். கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம். ஆனால் கருவி ஒலியைப் பெருக்கித் தருவதேயன்றி, இழந்த தெளிவை முழுதும் மீட்டுத் தாராது.

10. ஊர் கூடிச் செய்தது

இரைச்சலைச் செய்பவர் ஒருவர், கேட்பவர் பலர். ஆகவே தனியொருவர் முயற்சி போதாது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்மக்கள், கண்மாய்க்கு வந்து கூடுகட்டும் பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கும்பொருட்டுப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. காவலரும் நீதிமன்றமும் கட்டளையிட்டு வந்ததன்று அது. ஊரார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. தீபாவளி அங்கும் நடக்கிறது. பலகாரமும் புத்தாடையும் குறையவில்லை. பறவையின் காது மீண்டும் முளைக்கவல்லது. அதற்கே ஓர் ஊர் இத்துணை இரங்குமாயின், மீண்டும் முளையாத காதையுடைய நம் குழந்தைகளுக்காக நாம் இரங்கலாகாதா?

ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாளை உலக சுகாதார நிறுவனம் உலகச் செவிப்புல நாளாக அனுசரிக்கிறது. அந்நாளில் அங்கத்தினர்கள் தங்கள் தறிக்கூடத்திலும் தோப்பிலும் கைநீட்டுத் தூரச் சோதனையைச் செய்து பார்ப்பார்களாக. காதடைப்பானைத் தனித்தனியே வாங்குவதினும் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் விலை குறையும். விழாக்குழுவிற் பொறுப்பேற்போர் ஒலிபெருக்கியைத் தொட்டில் கட்டிய வீட்டை நோக்கித் திருப்பாது இருப்பார்களாக. இன்று காக்கும் காதே, இருபதாண்டு கழித்துப் பேரப்பிள்ளையின் மழலையை நமக்குக் கேட்பிக்கும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நும் வேலையிடத்தில் ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு குரல் உயர்த்தாமற் பேச இயலுமா? இயலாதெனின், எந்த எந்திரம் முதற் காரணம்?

2. 94 டெசிபெல் இரைச்சலில் ஒருவர் வெறுங்காதோடு எவ்வளவு நேரம் இருக்கலாம்? நும் கூடத்தில் அவர் எவ்வளவு நேரம் இருக்கிறார்?

3. 4 மீட்டரில் 125 டெசிபெல் எழுப்பும் வெடி, 16 மீட்டரில் எவ்வளவாகும்? நும் தெருவில் அவ்வளவு தூரம் விலக இடமுண்டா? இல்லையெனின், ஊர்ப் பொதுவிடம் எது?

4. நால்வகை வேலிகளுள், காசு செலவின்றி நாளையே செய்யத்தக்கவை எவை?

5. நும் வீட்டில் 'சொன்னதைக் கேட்பதில்லை' என்று குறைகூறப்படுபவர் எவரேனும் உளரா? அவர் காதை எப்போது சோதிக்கச் செய்வீர்?